கம்பிவழி வந்த அச்சு

பழனிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் பாளையக்காரரின் இருப்பிடமாய் இருந்து இன்று பேரூராட்சியாக விளங்கும் பாலசமுத்திரத்தில், காகிதம் என்றால் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்தும் பழக்கமுள்ள ஏதேனும் ஒரு குடும்பத்தின் தகரப்பெட்டியைத் திறந்து பார்க்கும் சந்தர்ப்பம் வாய்க்குமாயின், அதனுள்ளே நான்கு விதமான அச்சுத் துணுக்குகள் கிடைக்கக்கூடும். நாடாவில் அச்சாகி, துண்டு துண்டாகப் படிவத்தில் ஒட்டப்பெற்று, கல்யாண வாழ்த்தையோ மரணச் செய்தியையோ தாங்கி வந்த தந்தி ஒன்று; எஸ்.டி.டி. பூத்தில் பேசி முடித்ததும் கடைக்காரர் கிழித்துக் கொடுத்த சின்னஞ்சிறு ரசீது ஒன்று. புள்ளி புள்ளியாக எண்கள் பதிந்த வங்கிப் பாஸ்புத்தகம் ஒன்று. மக்காச்சோளமோ தேங்காயோ ஏற்றிய லாரியை மேடையில் நிறுத்தி எடுத்த எடைச்சீட்டு ஒன்று. காலத்தாலும் காரியத்தாலும் வேறுபட்ட இந்நான்கும் பிறந்த விதம் ஒன்றே. ஒரு கம்பியின் வழியாக, ஓர் எழுத்தின்பின் ஓர் எழுத்தாகவும், ஓர் எழுத்துக்குள்ளேயே ஒரு துடிப்பின்பின் ஒரு துடிப்பாகவும் வந்து சேர்ந்த மின்சாரம், இங்கே ஓர் இரும்பு அவயவத்தை அசைத்து, மைநாடாவைத் தாளின்மீது மோதச் செய்ததனால் விளைந்த அச்சு அது.

கணினித் தொழிலில் உள்ளவர்கள் சீரியல் பிரிண்டர் என்று குறிப்பிடும் இச்சாதனத்தின் சரித்திரத்தை வேகத்தின் சரித்திரமாகவே எழுதுவது வழக்கம். நொடிக்கு ஆறு எழுத்து, பத்து எழுத்து, எண்பது எழுத்து என்று ஏறிச்செல்லும் அந்தப் பட்டியலில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும் அதனுள்ளே மறைந்து கிடக்கும் வேறொரு விஷயமே என் சிந்தையைக் கவர்ந்தது. அனுப்புகிறவன் எப்போதும் வேகமுள்ளவன். அச்சிடுகிறவன் எப்போதும் மந்தகதி உள்ளவன். மின்சாரத்துக்கு எடை இல்லை, அச்சுத்தலைக்கு எடை உண்டு என்பதால், இயற்கையாகவே அமைந்துவிட்ட வித்தியாசம் இது. இவ்விருவரையும் ஒரு கம்பியால் பிணைத்துவிட்டபின், மந்தகதியுள்ளவன் தன் இயலாமையை எதிர்முனைக்கு எவ்வாறு அறிவிப்பது, அறிவித்தால் எதிர்முனை கேட்குமா என்ற கேள்விக்கு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பல தேசத்துப் பொறியாளர்கள் தேடிய விடைகளின் தொகுப்பே இந்தத் தொழிலின் உண்மையான வரலாறு என்பது என் அபிப்பிராயம்.

தந்தியின் ஆதிகாலத்தில் இக்கேள்வி எழவில்லை. வில்லியம் ஓஷானெஸி என்னும் வைத்தியர் 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே கம்பி இழுத்துச் சோதனை செய்து, 1855-ல் பொதுஜனங்களுக்குத் தந்தி திறந்துவிடப்பட்ட நாள் முதலாக, கம்பியின் இரு முனைகளிலும் மனிதனே உட்கார்ந்திருந்தான். மோர்ஸ் சாவியைத் தட்டுகிறவனும் மனிதன். ஒலிப்பானின் ‘கட்டுக் கடகட்டு’ ஓசையைக் காதால் கேட்டுக் கையால் எழுதுகிறவனும் மனிதன். எழுதுகிறவனுக்குப் பென்சில் முனை ஒடிந்தாலும், வாசலில் யாரேனும் வந்து நின்றாலும், ஒரு புள்ளி, ஒரு கோடு, மூன்று புள்ளிகள் என்ற சங்கேதத்தைத் தட்டினால் போதும், எதிர்முனைக்காரன் நிறுத்திக்கொள்வான். ‘சற்றுப் பொறு’ என்பதற்கு அனைத்துலகத் தந்திக்காரர்களும் ஒப்புக்கொண்டிருந்த குறி அது.

மனிதனின் காதை நீக்கிவிட்டு அவ்விடத்தில் யந்திரத்தை வைக்க முற்பட்டபோதுதான் சிரமம் தொடங்கியது. பிரான்சு தேசத்து எமீல் போடோ 1874-ல் காப்புரிமை பெற்ற முறையில், ஒவ்வோர் எழுத்தும் உண்டு இல்லை என்ற ஐந்து துடிப்புகளால் ஆனது; ஐந்து துடிப்புகளால் முப்பத்திரண்டு சேர்க்கைகளே கிடைக்கும் ஆதலின், எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே சேர்க்கையைப் பொதுவாக்கி, எது எப்போது என்று அறிவிக்கத் தனிக் குறிகள் இரண்டை வைத்தார்கள். நியூசிலாந்தில் பிறந்த டொனால்டு மரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையைத் திருத்தி, அச்சுத்தலையை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும் குறியையும், தாளை ஒரு வரி உயர்த்தும் குறியையும் அதில் புகுத்தினார். இன்றைக்கும் நம்முடைய கணினிக்குள் இவ்விரு குறிகளும் உயிரோடு இருக்கின்றன. இதன்பின் அமெரிக்காவில் சார்லஸ் கிரம், அவர் மகன் ஹோவர்ட் கிரம் ஆகியோர், ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கத் துடிப்பையும் பின்னே ஒரு முடிவுத் துடிப்பையும் சேர்த்து, இரு முனைகளிலுமுள்ள மோட்டார்கள் எழுத்துக்கு எழுத்து புதிதாக ஒத்திசையும்படி செய்தார்கள். சீரியல் இணைப்பு என்று நாம் பிற்காலத்தில் அறிந்துகொண்டது இந்தத் தொடக்கமும் முடிவுமேயன்றி வேறல்ல.

இந்த யந்திரத்தைத் தமிழ்நாடு தன் கையாலேயே செய்யத் தொடங்கிய இடம் கிண்டி. 1960-ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அரசாங்கத்தின் ஸ்தாபனமாக அமைந்த இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், இத்தாலியின் ஈவ்ரெயா நகரத்து ஒலிவெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு, அதுவரை வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்த டெலிபிரிண்டரைச் சென்னையில் உற்பத்தி செய்யலாயிற்று. தபால் தந்தி இலாகாவும், ரயில்வேயும், பத்திரிகை ஏஜென்சிகளின் செய்தியை வாங்கும் காரியாலயங்களும் அதனை உபயோகித்தன. அதன் உள்ளே இருந்ததெல்லாம் மோட்டார், சுழல்தண்டு, கேம், வில், நெம்புகோல் ஆகியவையே; ஒரு துடிப்புக்கு இருபது மில்லிநொடி வீதம், தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து ஏழரைத் துடிப்புக்கு நூற்றைம்பது மில்லிநொடியில் ஓர் எழுத்து, ஆகவே நிமிஷத்துக்கு நானூறு எழுத்து என்ற கணக்கை, கடிகாரச் சில்லுகள் எவையும் இல்லாத காலத்தில், அந்த இரும்பு அவயவங்களே இம்மி பிசகாமல் காத்துவந்தன. எண்ணெய் வார்ப்பதும், இடைவெளி அளப்பதும், மோட்டாரின் வேகத்தைச் சரிபார்ப்பதுமாகிய நுட்பங்களில் பழகிய மெக்கானிக்குகளின் பரம்பரை ஒன்று இந்தத் தொழிலைச் சுற்றி உருவாயிற்று. மின்னணுவியல் படித்த எஞ்சினீயர்கள் வருவதற்கு முன்பே, ஓர் எழுத்தைத் துடிப்புகளாகப் பிரித்து, கம்பியில் அனுப்பி, மறுபடி எழுத்தாகக் கூட்டும் வித்தையை விரல்நுனியில் அறிந்தவர்கள் அவர்கள். நம் நாட்டுக் கணினித் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெங்களூரிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் ஒரு பகுதியையாவது கிண்டியிலிருந்து தொடங்கவேண்டும் என்று நான் மனப்பூர்வமாகக் கருதுகிறேன்.

டெலிபிரிண்டரில் ‘பொறு’ என்று சொல்லும் வழி இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இரு முனைகளும் ஒரே வேகத்தில் ஓடுமாறு முன்கூட்டியே கட்டப்பட்டிருந்தபடியால், அனுப்பும் வேகத்தை அச்சிடும் வேகத்துக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவே. தாள் தீர்ந்துபோனால் செய்தி வெறும் உருளையின்மீது அச்சாகிக்கொண்டே போகும். அதனைக் கவனித்துப் புதுச்சுருள் மாட்டுவது பக்கத்திலிருக்கும் மனிதனின் கடமையாய் இருந்தது.

கணினி வந்தபோது நிலைமை மாறிற்று. 1963-ல் இரண்டு காரியங்கள் ஒருசேர நிகழ்ந்தன: ஆஸ்கி என்னும் ஏழு துடிப்புச் சங்கேத முறை அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது, டெலிடைப் நிறுவனம் அதனைக் கையாளும் மாடல் 33 என்ற மலிவான யந்திரத்தை வெளியிட்டது. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் இந்த யந்திரமே, பணவசதி குறைந்த ஆராய்ச்சிக்கூடங்களின் சிறு கணினிகளுக்கு வாயாகவும் செவியாகவும் அமைந்தது. ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனம் 1969-ல் டி.டி.சி. 12 என்ற இந்தியக் கணினியை உருவாக்கிய காலமும் அதுவே. பெரிய கணினிகளின் கதை வேறு; மேற்கு ஜெர்மனியின் உதவியால் 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 போன்றவற்றுக்கு, ஒரு முழு வரியையும் ஒரே வீச்சில் அடித்துத் தள்ளும் வரியச்சு யந்திரங்கள் உண்டு. ஏழையின் அச்சு யந்திரம் சீரியல் பிரிண்டரே.

மாடல் 33-ன் அச்சுத்தலை வரியின் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்ப, நொடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் எடுக்கும். அதாவது இரண்டு எழுத்து அடிக்கும் நேரம். திரும்பிக்கொண்டிருக்கும்போதே அடுத்த எழுத்து வந்துவிட்டால், அது தாளின் நடுவில் எங்கேயோ மைக்கறையாக விழும். இதற்காகவே, முதலில் தலையைத் திருப்பும் குறியையும், அதன்பின்னே தாளை உயர்த்தும் குறியையும் அனுப்புவது வழக்கமாயிற்று. இரண்டாவது குறி தாளை உயர்த்திக்கொண்டிருக்கும் அவகாசத்தில் தலை வீடு திரும்பிவிடும். அது போதாத யந்திரங்களுக்கு, எதையும் அச்சிடாத பூஜ்யக் குறிகள் சிலவற்றை இடையில் அனுப்பினார்கள். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கட்டளைகளில், வரி திரும்புவதற்கு இத்தனை மில்லிநொடி, பக்கம் தள்ளுவதற்கு இத்தனை நொடி என்று பிரிண்டருக்குத் தக்கபடி காலதாமதம் விதிக்கும் ஏற்பாடு வெகுகாலம் இருந்தது. எதிரிலிருப்பவனின் பலவீனத்தை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்பத் தானே நிதானித்துக்கொள்ளும் மரியாதை இது. ஆனால் அந்த பலவீனத்தை மிகச் சரியாக அறிந்திருந்தால் மட்டுமே பலிக்கும் மரியாதை.

இதனினும் மேலான விடை, யாரும் எதிர்பாராத ஒரு மூலையிலிருந்து வந்தது. டெலிடைப்பின் பக்கவாட்டில் துளைநாடா வாசிக்கும் கருவி ஒன்று உண்டு. அதனை எதிர்முனையிலிருந்தே ஓடவும் நிற்கவும் செய்வதற்காக, ஆஸ்கியில் பதினேழாம் எண்ணையும் பத்தொன்பதாம் எண்ணையும் ஒதுக்கியிருந்தார்கள். பதினேழு வந்தால் நாடா ஓடும். பத்தொன்பது வந்தால் நிற்கும். துளைநாடா மறைந்த பின்பும் இவ்விரு குறிகளும் மறையவில்லை. தனக்குள் இரண்டாயிரம் எழுத்துகளைச் சேமித்துவைக்கும் நினைவகம் பொருந்திய பிரிண்டர்கள் வந்தபோது, நினைவகம் நிரம்பப்போகும் தறுவாயில் பிரிண்டரே கணினிக்குப் பத்தொன்பதை அனுப்பி நிறுத்தவும், அச்சிட்டு இடம் காலியானதும் பதினேழை அனுப்பித் தொடரவும் ஏற்பாடு செய்தார்கள். மோர்ஸ் சாவி பிடித்த மனிதன் பெற்றிருந்த உரிமை இவ்விதமாக யந்திரத்துக்குக் கிடைத்தது.

கணக்கைப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். ஒரு பக்கத்துக்கு 60 வரி, வரிக்கு 80 எழுத்து என்றால் 4,800 எழுத்து. 9,600 பாடு, அதாவது நொடிக்கு 9,600 துடிப்பு வேகமுள்ள இணைப்பு, எழுத்துக்குப் பத்துத் துடிப்பு வீதம், அதனை ஐந்து நொடியில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். நொடிக்கு 80 எழுத்து அடிக்கும் பிரிண்டருக்கோ அதனை அச்சிட முழுதாக ஒரு நிமிஷம் வேண்டும். இரண்டாயிரம் எழுத்து கொள்ளும் நினைவகம் ஏறக்குறைய இரண்டேகால் நொடியில் நிறைந்துவிடும். பாலசமுத்திரத்துக்கு அருகிலுள்ள பாலாறு பொருந்தலாறு அணையில், வாய்க்காலின் கொள்ளளவு பார்த்து மதகின் கதவைத் தாழ்த்தி உயர்த்துகிறவரின் வேலை எதுவோ, அதுவே இந்தப் பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் உரிய வேலை. நினைவகம் முழுதும் நிரம்பும்வரை காத்திராமல், சிறிது இடம் மிச்சமிருக்கும்போதே பத்தொன்பதை அனுப்பிவிடவேண்டும் என்பது இதில் நுட்பம். ஏனெனில் கட்டளை போய்ச் சேருவதற்குள் புறப்பட்டுவிட்ட எழுத்துகள் வழியில் இருக்கும்.

குறியை அனுப்பாமல், அதற்கென்றே தனிக் கம்பி ஒன்றை ஒதுக்கும் மார்க்கமும் உண்டு. இங்கேதான் ஆர்.எஸ். 232 என்னும் நியமம் பிரவேசிக்கிறது. 1960-ல் அமெரிக்க மின்னணுத் தொழிலதிபர் சங்கம் வகுத்து, 1969-ல் திருத்தி வெளியிட்ட இந்நியமம், கணினியைப் பிரிண்டரோடு இணைப்பதற்காக எழுதப்பட்டதே அன்று. டெர்மினல் எனப்படும் முனையத்தைத் தொலைபேசிக் கம்பியின் மோடத்தோடு இணைப்பதற்காக எழுதப்பட்டது. இருபத்தைந்து ஊசி, இரண்டாவது அனுப்ப, மூன்றாவது பெற, ஏழாவது பொதுநிலம், இருபதாவது ‘நான் தயார்’ என்று அறிவிக்க என்று முனையத்தின் பார்வையில் ஒவ்வோர் ஊசிக்கும் கடமை விதித்திருந்தது. கணினியும் தன்னை முனையமாகவே பாவித்துக்கொண்டது. பிரிண்டரும் பெரும்பாலும் தன்னை முனையமாகவே பாவித்துக்கொண்டது. இருவரும் இரண்டாம் ஊசியில் பேச, இருவரும் மூன்றாம் ஊசியில் செவிகொடுக்க, யார் பேச்சும் யாருக்கும் எட்டாது. ஆகையால் இரண்டையும் மூன்றையும் குறுக்கே மாற்றிக் கட்டிய கேபிள் வேண்டியதாயிற்று.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ‘எனக்கு இடமில்லை’ என்பதைச் சில பிரிண்டர்கள் இருபதாம் ஊசியின் மின்னழுத்தத்தை எதிர்மறையாக்கித் தெரிவித்தன; சில, நியமத்தில் உரிமையாளர் இல்லாது கிடந்த பதினோராம் ஊசியைப் பயன்படுத்தின; சில இரண்டையும் செய்தன. கணினியோ அந்தச் செய்தியை ஐந்தாம் ஊசியிலோ ஆறாம் ஊசியிலோ எதிர்பார்த்துக் காத்திருக்கும். ஐ.பி.எம். தன் 1984-ஆம் ஆண்டு ஏ.டி. கணினியில் ஒன்பது ஊசிப் பொருத்தியைக் கொண்டுவந்து, அதில் இரண்டின் கடமையையும் மூன்றின் கடமையையும் மாற்றிவைத்தபின், குழப்பம் இரட்டித்தது. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இருந்து பஸ் ஏறிவந்து ஒரு காரியாலயத்தில் பிரிண்டரை நிறுவவேண்டிய டெக்னீஷியனின் பையில், சாலிடரிங் கோலும், ஈயக்கம்பியும், ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு விளக்கு எரியும் பிரேக்-அவுட் பெட்டியும், இந்தக் கம்பெனிப் பிரிண்டருக்கு இந்த ஊசி என்று கையால் எழுதிய நோட்டுப்புத்தகமும் இருந்ததற்கு இதுவே காரணம். அச்சிட்ட கையேட்டில் காணாத அறிவெல்லாம் அந்த நோட்டுப்புத்தகத்தில் இருந்தது. ஒரு பக்கம் சரியாக அச்சாகி, இரண்டாம் பக்கத்தில் வரிகள் விட்டுவிட்டு வந்தால், வேகமும் எழுத்தமைப்பும் பொருந்திவிட்டன, ‘பொறு’ என்னும் கம்பி மட்டும் பொருந்தவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அனுபவஸ்தர்கள் அவர்களுள் இருந்தனர். அந்த நிதானம் பாடசாலையில் வருவதன்று.

1970-ல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் எட்டுத் துடிப்புகளையும் எட்டுக் கம்பியில் ஒருசேர அனுப்பும் பேரலல் இணைப்பைக் கொண்டுவந்து, அதில் ‘நான் வேலையாயிருக்கிறேன்’ என்பதற்குத் தொடக்கத்திலேயே ஒரு கம்பியை ஒதுக்கிவிட்டதனால், தனிக் கணினிகளுக்குச் சீரியல் பிரிண்டரின் அவசியம் குறைந்தது. 1980-ல் வெளிவந்த எப்சன் எம்.எக்ஸ். 80-ம், அதன் வழியில் நம் நாட்டில் விப்ரோவும் டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸும் விற்ற, அச்சுத்தலையில் ஒன்பது ஊசி கொண்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் பெரும்பாலும் பேரலல் கேபிளிலேயே ஓடின. ஆனால் பேரலல் கேபிள் சில மீட்டர் தூரத்துக்குமேல் நம்பத்தக்கதன்று, ஆர்.எஸ். 232 பதினைந்து மீட்டருக்கு உத்தரவாதம் தரும், வேகத்தைக் குறைத்தால் அதற்கு மேலும் செல்லும். எங்கே கணினி ஓர் அறையிலும் அச்சு வேறோர் அறையிலும் இருக்கவேண்டுமோ, அங்கே சீரியல் தன் ஸ்தானத்தை இழக்கவில்லை.

வங்கிகள் அத்தகைய இடங்கள். 1983-ல் ஊழியர் சங்கங்களோடு ஏற்பட்ட உடன்படிக்கைக்கும், வங்கிகளில் கணினியைப் புகுத்துவது பற்றி 1984-ல் ரங்கராஜன் குழு அளித்த அறிக்கைக்கும் பின்னர், முதலில் பேரேடு பதியும் யந்திரங்களாகவும், பிறகு யூனிக்ஸில் ஓடும் ஒரே கணினியும் அதனோடு சீரியல் கம்பிகளால் பிணைந்த பல முனையங்களுமாகவும் கிளைகளுக்குள் கணினி நுழைந்தது. வேலை போய்விடும் என்று அஞ்சிய ஊழியர்களைப் பிற்போக்கர் என்று ஏசியவர்கள் அன்று உண்டு. அந்த அச்சம் நியாயமானதே என்றும், பேரம் பேசி நிதானமாக வந்ததனாலேயே அம்மாறுதல் பெருஞ்சேதமின்றி முடிந்தது என்றும் நான் எண்ணுகிறேன்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அழகான யுக்தி உண்டு. கவுண்ட்டருக்கு ஒரு முனையம், முனையத்துக்கு ஒரு பிரிண்டர் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பிரிண்டருக்கும் கணினியிலிருந்து தனிக் கம்பி இழுக்கப் பணம் இல்லை. ஆகவே பிரிண்டரை முனையத்தின் முதுகில் மாட்டிவிட்டு, கணினி ஒரே கம்பியில் இருவருக்கும் பேசிற்று. எஸ்கேப் என்னும் இருபத்தேழாம் குறி, அதன்பின் சதுர அடைப்புக்குறி, ஐந்து, ஐ என்ற எழுத்து ஆகியவை வந்தால், முனையம் அதற்குப்பின் வருவதையெல்லாம் திரையில் காட்டாமல் அப்படியே பிரிண்டருக்குத் தள்ளிவிடும். ஐந்துக்குப் பதிலாக நான்கு வந்தால் மறுபடி திரைக்குத் திரும்பிவிடும். இந்த நான்கு வந்து சேராமல் போய்விட்டால், கவுண்ட்டரில் திரை உறைந்து நிற்க, பிரிண்டர் வாடிக்கையாளரின் பாஸ்புத்தகத்தில் சம்பந்தமில்லாத வரிகளைப் பதித்துக்கொண்டிருக்கும். பாஸ்புத்தகம் பதிய வங்கிகள் பெரும்பாலும் நம்பிய பி.ஆர். 2 என்ற யந்திரத்தைச் செய்தவர்கள் ஈவ்ரெயாவின் அதே ஒலிவெட்டிக்காரர்கள். கிண்டியில் டெலிபிரிண்டருக்குக் கைகொடுத்த அந்த நிறுவனம், முப்பது ஆண்டுகளுக்குப்பின் பாஸ்புத்தகத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமத்தாரின் கைக்கு மறுபடி வந்து சேர்ந்தது.

தமிழை இந்தக் கம்பி வழியாக அச்சிட முயன்றவர்கள் பட்ட சிரமம் தனியே சொல்லத்தக்கது. ஆங்கில எழுத்தின் வடிவம் பிரிண்டருக்குள்ளேயே இருக்கும். கணினி ஓர் எண்ணை அனுப்பினால் போதும். தமிழ் எழுத்தின் வடிவம் அதனுள் இல்லை. கனடாவில் வாழ்ந்த கு. சீனிவாசன் 1984-ல் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு ஆகிய மென்பொருள்கள் தோன்றிய அக்காலத்தில், ஒன்பது ஊசி பிரிண்டரில் தமிழ் காண்பதற்குப் பொதுவான வழி, எழுத்தைப் படமாக்கி, புள்ளிப் புள்ளியாக அனுப்புவதே. ‘கி’யின் வளைவு மேலே எழும், ‘கு’வின் வால் கீழே இறங்கும், மெய்யெழுத்தின் புள்ளி தலைக்குமேல் நிற்கும். இவ்வளவையும் ஓர் எண் குறிக்கக்கூடிய எட்டுப் புள்ளி உயரத்துக்குள் அடக்க இயலாதபடியால், ஒரே வரியை மேற்பாதியும் கீழ்ப்பாதியுமாக இருமுறை அடிக்க நேர்ந்தது. அங்குலத்துக்கு 60 புள்ளி வீதம் எட்டு அங்குல வரிக்கு 480 எண். இருமுறைக்கு 960 எண். ஆங்கிலத்தில் 80 எண்களால் முடியும் வரிக்குத் தமிழில் பன்னிரண்டு மடங்கு. 1,200 பாடு இணைப்பில் ஆங்கில வரி ஒரு நொடிக்குள் போய்விடும். தமிழ் வரிக்கு எட்டு நொடி. ஐம்பது வரியுள்ள ஒரு தமிழ்ப் பக்கம் வந்துசேர ஏழு நிமிஷத்துக்குச் சற்றுக் குறையும்.

இது பொறுமையால் தீரும் கஷ்டம். இன்னொன்று பொறுமையாலும் தீராது. பல சீரியல் இணைப்புகள் ஆஸ்கிக்கு ஏழு துடிப்பே போதும் என்ற ஏற்பாட்டில் இருந்தன. படத்துக்கோ எட்டுத் துடிப்பும் வேண்டும். எட்டாவது துடிப்பே அச்சுத்தலையின் மேல்வரிசை ஊசியை இயக்குவது. ஏழு துடிப்பு இணைப்பில் தமிழை அனுப்பினால், அந்த ஊசி ஒருபோதும் அடிக்காமல், ஒவ்வோர் எழுத்தின் குறுக்கேயும் மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று ஓடும். அதனைச் சரிசெய்த பின்பும், படத்தின் புள்ளிக் கோலங்களுள் தற்செயலாகப் பத்தாம் எண் வந்துவிட்டால், யூனிக்ஸ் அதனை வரிமுடிவு என்று கருதி, கேளாமலே பதின்மூன்றாம் எண்ணை முன்னே சேர்த்துவிடும். ஒன்பதாம் எண்ணைக் கண்டால் அதனை விரித்துச் சில வெற்றிடங்களாக்கிவிடும். அந்த இடத்திலிருந்து எழுத்துகள் எல்லாம் சரிந்து சிதையும். எதையும் திருத்தாமல் உள்ளது உள்ளபடியே அனுப்பு என்று கணினிக்குக் கட்டளையிட்ட பின்னரே தமிழ் நேராக நின்றது. இருபத்தாறு எழுத்துள்ள ஒரு பாஷையின் தேவைக்காகவே ஐந்து துடிப்பும் ஏழு துடிப்பும் வகுக்கப்பட்ட ஒரு கம்பியில், அதன் விதிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு தமிழை நடத்திச் சென்றவர்கள் செய்த காரியம், அச்சுக்கலை வரலாற்றில் இடம்பெறத் தகுதியுடையது.

1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமான காலமும், எஸ்.டி.டி. பூத்துகள் கடைத்தெருக்களில் பெருகிய காலமும் ஒன்றையொன்று அடுத்தவை. பூத்தின் மீட்டர், தொலைபேசி நிலையம் அனுப்பும் துடிப்புகளை எண்ணி, பேசிய நேரத்தையும் கட்டணத்தையும் ஒரு சிறு பிரிண்டரில் பதித்துத் தந்தது. இரவு பதினொரு மணிக்குமேல் கால்பங்குக் கட்டணம் என்பதால், வெளியூரில் பிள்ளைகள் உள்ளவர்கள் அந்நேரத்துக்காகக் காத்து நின்ற காலம் அது. கிராமத்தார் பலர் தம் கண்ணெதிரே அச்சாகக் கண்ட முதல் எண்கள் அவையாகவே இருந்திருக்கும்.

கிண்டித் தொழிற்சாலை மின்னணு டெலிபிரிண்டருக்கும் பிற தொலைத்தொடர்புச் சாதனங்களுக்கும் மாறிப் பார்த்தது. 2001-ல் அதன் பெரும்பங்கைத் தனியாருக்கு அரசாங்கம் விற்றுவிட்டது. 2013 ஜூலையில் தந்திச் சேவையும் நின்றது. அந்நாளில் தந்தியாபீசின் வாசலில் கூட்டமாய் நின்று கடைசித் தந்தி கொடுத்தவர்களைப் பத்திரிகைகள் படம்பிடித்தன. நூற்றாண்டு கண்ட சேவைக்கு அது தகுந்த மரியாதையே. ஆயினும், அந்த யந்திரங்களைப் பழுதுபார்த்தவர்களின் கருவிகளையும் குறிப்பேடுகளையும் நம்முடைய பொருட்காட்சிசாலைகள் கேட்டு வாங்கி வைத்திருக்கவேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது. யந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். அது எப்படி ஓடியது என்பதை அந்த நோட்டுப்புத்தகங்களே சொல்லும்.

சீரியல் பிரிண்டர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. லாரி எடைமேடைகளில் அது இன்றும் வேலை செய்கிறது. மேடையின் அடியிலுள்ள லோடு செல்கள் காட்டும் எடையைக் கருவிப்பெட்டி எண்ணாக்கி, 2,400 அல்லது 9,600 பாடு வேகத்தில் சீரியல் கம்பி வழியே அனுப்ப, வண்டி எண், மொத்த எடை, வெறும் வண்டியின் எடை, சரக்கின் எடை என்று நான்கைந்து வரிகளை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அடிக்கிறது. லேசரும் மைத்துளியும் வந்த பின்பும் இங்கே ஊசி நிலைத்ததற்குக் காரணம் சீட்டுக்கு மூன்று பிரதி வேண்டும் என்பதே: வாங்குகிறவருக்கு ஒன்று, விற்கிறவருக்கு ஒன்று, எடைமேடைக்காரருக்கு ஒன்று. ஒரே அடியில் மூன்று தாளிலும் பதிந்த எண்ணைப் பின்னால் யாரும் ஒரு பிரதியில் மட்டும் திருத்திவிட முடியாது என்பதை மக்காச்சோளம் விற்கும் விவசாயி நன்றாக அறிவார். புதிய கணினிகளில் ஒன்பது ஊசித் துளை இல்லாதபடியால், யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சிறு கேபிளைத் திண்டுக்கல் கடைகளில் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டியவுடன் திரையில் தோன்றும் கட்டத்தில், வேகம் எத்தனை, துடிப்பு ஏழா எட்டா, முடிவுத் துடிப்பு ஒன்றா இரண்டா, நிறுத்திச் சொல்வது குறியாலா கம்பியாலா என்று கணினி இப்போதும் கேட்கிறது.